தூத்துக்குடியின் பழைய மழையை எங்கே போய்த் தேடுவது? (நீண்ட த்ரெட்)

2023 டிசம்பர் 18 காலை வரைக்குமான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62.

தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கிற சராசரி மழையே சுமார் 65 செ.மீ. தான்.

அந்த வாரம் முழுக்க டிவியில ஒரே வார்த்தை: "வரலாறு காணாத மழை."

இருக்கலாம். ஆனா வரலாறு காணலைன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த வரலாற்றை யாராவது திறந்து பார்த்தோமா? இதுதான் இன்னைக்கு மேட்டர். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

இந்திய வானிலைத் துறை தொடங்கினது 1875-ல். அதாவது நம்ம ஊர் மழைக்கு ஒழுங்கான அளவுக்கணக்கு இருக்கிறது சுமார் 150 வருஷத்துக்கு. மழைக்கு அது ரொம்பச் சின்ன வயசு. நூறு வருஷத்துக்கு ஒருமுறை வர்ற வெள்ளம் எவ்வளவு பெரிசுன்னு தெரியணும்னா, ஒண்ணரை நூற்றாண்டுக் கணக்கு எப்படிப் போதும்?

60 வயசு ஆள் ஒருத்தர் போன வாரம் எடுத்த ஒரே ஒரு பிளட் ரிப்போர்ட்டோட வந்தா நாங்க என்ன செய்வோம்? உக்கார வெச்சுக் கேட்போம். சின்ன வயசுல மஞ்சக்காமாலை வந்துச்சா, அப்பாவுக்கு சுகர் உண்டா, எப்போ இருந்து மூச்சு வாங்குது... மருத்துவத்துல அதுக்குப் பேரே "ஹிஸ்டரி".

பூமிக்கும் அதே மாதிரி ஹிஸ்டரி எடுக்கிற துறை ஒண்ணு இருக்கு. வரலாற்றுக் காலநிலையியல். கடிதம், டைரி, வரிக்கணக்கு, கப்பல் குறிப்பு, கோயில்-சர்ச் பதிவேடு எல்லாத்தையும் படிச்சு, கருவிகள் வர்றதுக்கு முன்னாடி மழை, காற்று, வறட்சி எப்படி இருந்ததுன்னு மீட்டெடுக்கிற வேலை.

உலகத்துல இதுக்குப் பேர் போன உதாரணம் ரெண்டு. ஜப்பான்ல கியோட்டோ நகரத்துச் செர்ரி மரங்கள் என்னைக்குப் பூத்துச்சுங்கிற குறிப்பு 9ஆம் நூற்றாண்டுல இருந்து கிடைக்குது. பிரான்ஸ்ல பர்கண்டிப் பகுதி போன் நகரத்துல திராட்சை அறுவடை தொடங்கின தேதி 1354-ல் இருந்து தொகுத்திருக்காங்க. பூவையும் பழத்தையும் பார்த்து எழுதினவங்க யாருக்கும் தாங்க ஒரு தெர்மாமீட்டர் வேலை பார்க்கிறோம்னு தெரியாது.

சரி, நம்ம ஊருக்குச் செர்ரி ஏது, திராட்சை ஏது?

நமக்கு இருந்தது முத்து.

மன்னார் வளைகுடாவில கடலுக்கடியில இருக்கிற பாறைத் திட்டுக்களுக்குப் "பார்"னு பேர். தூத்துக்குடிப் பக்கம் ரொம்பப் பேர் பெற்றது தொலையிரம் பார். அங்கதான் முத்துச்சிப்பி ஒட்டி வளரும். முத்துக்குளிப்பை நடத்துற மொத்த ஏற்பாட்டுக்கும் "சலாபம்"னு பேர். பாண்டியர், போர்ச்சுகீசியர், 1658-ல் இருந்து டச்சுக்காரர், அப்புறம் ஆங்கிலேயர்னு ஆட்சி மாறிக்கிட்டே இருந்தது. சலாபம் மட்டும் எல்லாருக்கும் வேணும். காசு ஆச்சே.

(சைடுல ஒரு விஷயம். குளியாட்களைச் சுறா தாக்காம இருக்க மந்திரம் போடுற "கடல்கட்டி"க்கு சலாபத்துல அதிகாரபூர்வமாப் பங்கு உண்டு. ஆங்கிலேய ஆட்சியிலயும் கணக்குல எழுதிக் கொடுத்தாங்க. அவர் இல்லாட்டி குளியாட்கள் கடல்ல இறங்க மாட்டாங்க. பதட்டத்துல இருக்கிற பேஷண்ட்டை ஆபரேஷனுக்குத் தயார் பண்ணின அனுபவம் உள்ளவங்களுக்கு அந்தப் பங்கு வீண் செலவுன்னு தோணாது.)

காசு இருக்கிற இடத்துல கணக்கு இருக்கும். கணக்கு இருக்கிற இடத்துல தேதி இருக்கும். காலநிலை தேடுறவங்களுக்கு முதல்ல வேண்டியது அந்தத் தேதிதான்.

13ஆம் நூற்றாண்டு கடைசியில இந்தக் கரைக்கு வந்த மார்கோ போலோ, ஏப்ரல்ல இருந்து மே மாச நடு வரைக்கும் முத்துக்குளிப்பு நடந்ததா எழுதியிருக்கார். அறுநூறு வருஷம் கழிச்சு ஆங்கிலேயர் நடத்தின சலாபங்களும் கிட்டத்தட்ட அதே பருவம்தான், மார்ச்-ஏப்ரலை ஒட்டி. ஏன்? வாடைக்காற்று ஓய்ஞ்சிருக்கும், கச்சான் இன்னும் கிளம்பியிருக்காது. ரெண்டு பருவக்காற்றுக்கும் நடுவுல கடல் அசையாம தெளிஞ்சு கிடக்கிற சில வாரங்கள். அப்போதான் மூச்சடக்கி அடிமண்ணைப் பார்க்க முடியும்.

அதாவது சலாபம் நடந்த பருவமே ஒரு காலநிலைப் பதிவு. ரெண்டு காற்றுக்கும் நடுவுல இருக்கிற அந்த இடைவெளி அறுநூறு வருஷத்துல பெரிசா இடம் மாறலைன்னு அது சொல்லுது. போலோ அதை நினைச்சு எழுதலை. அவர் முத்தைப் பத்தி எழுதினார்.

தேதின்னு சொன்னதும் ஒரு எச்சரிக்கை. பழைய தேதியை அப்படியே எடுத்துக்கக் கூடாது.

1544 ஜூன் 16-ல் பிரான்சிஸ் சேவியர் மணப்பாட்டில இருந்து எழுதின கடிதம் ஒண்ணு இருக்கு. வடுகப் படைக்குப் பயந்து கன்னியாகுமரிப் பாறைகள்ல ஒளிஞ்சு பசியில கிடக்கிற மக்களுக்கு உதவ 20 தோணிகளோட கிளம்பினார். எதிர்க்காற்று. துடுப்புப் போட்டும் முடியலை, கரையில இருந்து கயிறு கட்டி இழுத்தும் முடியலை. திரும்பி வந்துட்டார். காற்று தணிஞ்சதும் மறுபடி போவேன்னு எழுதுறார்.

சமயத்துக்காகப் படிக்கிறவங்களுக்கு இது சேவியர் பட்ட பாடு. அரசியல் வரலாறு படிக்கிறவங்களுக்கு வடுகர் படையெடுப்பு. காலநிலை தேடுறவங்களுக்கு இது கச்சான் காற்றின் ஒரு அளவீடு: இன்ன தேதி, இன்ன இடம், இன்ன திசை, தோணி முன்னேற முடியாத வேகம்.

ஆனா அந்த ஜூன் 16 இன்னைக்குக் காலண்டர்ல ஜூன் 16 இல்லை. அப்போ புழக்கத்துல இருந்தது ஜூலியன் காலண்டர். 10 நாள் கூட்டினா ஜூன் 26. பருவமழை எப்போ தொடங்கிச்சுன்னு ஆராயும்போது 10 நாள் பிசகினா மொத்த முடிவும் பிசகும். மருந்துச் சீட்டுல புள்ளி இடம் மாறின மாதிரி.

நம்ம பக்கத்துக் காகிதங்கள்ல வேற சிக்கல். திருநெல்வேலிச் சீமையில பழைய பத்திரங்கள் கொல்லம் ஆண்டுல இருக்கும். கூட 824 அல்லது 825 போடணும், எதைப் போடணும்ங்கிறது மாசத்தைப் பொறுத்தது. சில குறிப்புகள்ல வெறும் 60 வருஷச் சுற்றுப் பேர் மட்டும் இருக்கும். "தாது வருஷப் பஞ்சம்"னு பாட்டிமார் சொல்வாங்களே, அது 1876-77. ஆனா தாது 1816-லயும் வந்தது, 1936-லயும் வந்தது. வெறும் "தாது வருஷம் மழையில்லை"ன்னு ஒரு ஓலை கிடைச்சா அது எந்தத் தாதுன்னு வேற சாட்சி வெச்சுத்தான் முடிவு பண்ணணும்.

இப்போ முத்துக் கணக்குக்கே திரும்புவோம். இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இங்கதான் இருக்கு.

19ஆம் நூற்றாண்டுல தூத்துக்குடியில 1822-ல் சலாபம் நடந்தது. 1830-ல் நடந்தது. அப்புறம் 1860 வரைக்கும் இல்லை. 30 வருஷம்!

வெறுமனே நிறுத்திடலை. 1830-க்கும் 1856-க்கும் நடுவுல 13 தடவை ஆளை இறக்கிப் பார்களைச் சோதிச்சிருக்காங்க. 13 தடவையும் ஒரே முடிவு: லாபமா குளிக்கிற அளவுக்கு வளர்ந்த சிப்பி இல்லை. அதையும் எழுதி வெச்சாங்க. 1867-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் திருநெல்வேலி முத்துப் பார்களைப் பற்றி எழுதின கட்டுரையில இதைச் சொல்லியிருக்கார்.

எங்க தொழில்ல இதை "நெகட்டிவ் ரிப்போர்ட்"னு சொல்வோம். நிறையப் பேர் அதைக் கிழிச்சுப் போட்டுடுவாங்க, ஒண்ணும் இல்லைன்னுதானே வந்திருக்கு, எதுக்குன்னு. ஆனா வரிசையா 13 நெகட்டிவ் ரிப்போர்ட் இருக்கிற பேஷண்ட் எனக்குப் பெரிய வரம். "பார்க்கலை" வேற, "பார்த்தோம், இல்லை" வேற. பழைய ஆவணங்கள்ல முக்கால்வாசி முதல் ரகம். மௌனம். அந்த வருஷம் வெள்ளம் வரலையா, இல்லை வந்தும் யாரும் எழுதலையான்னு தெரியாது. தூத்துக்குடிப் பார் கணக்கு ரெண்டாவது ரகம். அதனாலதான் அது தங்கம்.

இன்னொரு விசேஷம். சிப்பி முத்துக்குளிக்கிற பருவத்துக்கு வளர நாலஞ்சு வருஷம் ஆகும். ஒரு வருஷம் சலாபம் நல்லா நடந்ததுன்னா, அதுக்கு முந்தின நாலஞ்சு வருஷமும் அந்தப் பார் மேல மணல் மூடலை, சிப்பி அடிச்சிட்டுப் போகலைன்னு அர்த்தம். சுகர் பேஷண்ட்டுகளுக்கு இது ஈஸியா புரியும். விரல்ல குத்திப் பார்க்கிறது அந்த நிமிஷத்துச் சுகர். எச்பிஏ1சி மூணு மாசச் சராசரி. மழைமானி முதல் ரகம், முத்துச்சிப்பி ரெண்டாவது ரகம்.

அப்போ சிப்பி இல்லாத 30 வருஷமும் காற்றும் கடலும் கெட்டுக் கிடந்த வருஷங்கள்னு எழுதிடலாமா?

அவசரப்படக் கூடாது. இங்கதான் டிஃபரென்ஷியல் டயக்னோசிஸ் வருது. ஒரே அறிகுறி, பல காரணம்.

அந்தக் காலத் தூத்துக்குடித் துறைமுக அதிகாரி கேப்டன் ராபர்ட்சன் சொன்ன காரணம்: பாம்பன் வாய்க்காலை அகலப்படுத்தினதால நீரோட்டம் வேகமாகி, சிப்பிக் குஞ்சு பார்ல ஒட்ட முடியலை. அதோட, சங்கு குளிக்கிறவங்க சிப்பியையும் சத்தமில்லாம அள்ளிட்டுப் போறாங்கன்னும் சந்தேகம். முதல் காரணம் மனுஷன் கடலை மாத்தினது. ரெண்டாவது திருட்டு. ரெண்டுலயும் காலநிலைக்கு வேலை இல்லை.

அடுத்து இலங்கைப் பக்கம். அங்கேயும் பல நீண்ட வெற்றிடங்கள்: 1768-ல் இருந்து 1796 வரைக்கும் சலாபமே இல்லை, 1837-க்கு அப்புறம் 1850-கள் நடு வரைக்கும் இல்லை, 1892-ல் இருந்து 1902 வரைக்கும் இல்லை. கடைசி வெற்றிடத்துல பயந்துபோன அரசாங்கம் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மேனை வரவழைச்சது. கூட வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னாடி சென்னை மாகாண மீன்வளத் துறைக்கே தலைவரா ஆனார். இந்தியப் பக்கத்துப் பார்களைப் பத்தியும் 1905-ல் அறிக்கை எழுதினார்.

ஹெர்ட்மேன் கண்டுபிடிச்சதுல பெரிய பார் கதை ஒண்ணு. 1880-ல் இருந்து குறைஞ்சது 11 தடவை அந்தப் பார்ல குஞ்சுச் சிப்பி கோடிக்கணக்குல வந்து ஒட்டியிருக்கு. ஒரு தடவைகூட சலாபம் நடக்கலை. ஒவ்வொரு தென்மேற்குப் பருவக்காற்றிலயும் அலை அடிமண்ணைக் கலக்கி எல்லாத்தையும் வாரிட்டுப் போயிடும். குளியாட்கள் அதைத் தாய்ப் பார்னு சொன்னாங்களாம். அங்க பிறந்த குஞ்சுகள் மத்த பார்களுக்குக் குடிபோகுதுன்னு நம்பிக்கை. பாவம், குடிபோகலை. செத்துப்போச்சு.

ஆக, கச்சானோட வேகம் நிஜமாவே சிப்பியைத் தீர்மானிக்குது. காலநிலைக்கு இந்தக் கணக்குல இடம் உண்டு. ஆனா திருக்கையும் நட்சத்திர மீனும் சிப்பியைத் தின்னும். மனுஷன் அளவுக்கு மீறி அள்ளுவான். 1796-98-ல் ஆங்கிலேயர் இலங்கைக்கு வந்த வேகத்துல மூணு வருஷம் தொடர்ச்சியா சலாபம் நடத்தினாங்க. 1905-ல் இலங்கையில எடுத்தது சுமார் 8 கோடிச் சிப்பி. அதைப் பார்த்து வாய் பிளந்த ஒரு லண்டன் கம்பெனி 1906-ல் 20 வருஷக் குத்தகை எடுத்தது. ரெண்டே வருஷத்துல சிப்பி காலி. கொஞ்ச காலத்துல கம்பெனியும் காலி. இந்தக் கடைசி வெற்றிடத்துக்குக் கச்சான் மேல பழி போட முடியுமா?

எனவே என் கருத்து: முத்துக் கணக்கைத் தனியா வெச்சுக்கிட்டு மழையோ காற்றோ சொல்லக் கூடாது. அது ஒரு அறிகுறி. அதே வருஷத்துக்கு வேற சாட்சி வேணும். மூணு தனித்தனி ஆள், ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவங்க, ஒரே விஷயத்தைச் சொன்னா நம்பலாம்.

அந்த வேற சாட்சிகள்ல ஒண்ணு எங்க ஆட்கள் எழுதினது. டாக்டர்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர்களுக்கு ஒரு வியாதி இருந்தது: எதைப் பார்த்தாலும் குறிச்சு வைக்கிறது. (இப்போ நாங்க எழுதினா மருந்துக் கடைக்காரருக்கு மட்டும்தான் புரியும்.) வில்லியம் ராக்ஸ்பர்க்னு ஒருத்தர். இந்தியத் தாவரவியலோட தந்தைன்னு பாடப் புத்தகத்துல வர்றவர். அவர் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை ஆஸ்பத்திரியில உதவி சர்ஜனா இருந்தப்போ வெச்சிருந்த வானிலை டைரி 1778-ல் லண்டன் ராயல் சொசைட்டி இதழ்ல வெளிவந்தது. அப்புறம் ஆந்திராவுல சாமல்கோட்டையிலயும் மழையை அளந்தார். 1789-ல் தொடங்கி சில வருஷம் தொடர்ச்சியா மழை பொய்ச்சதைப் பதிவு பண்ணினார்.

ரெண்டு நூற்றாண்டு கழிச்சு ரிச்சர்ட் குரோவ்ங்கிற வரலாற்று ஆய்வாளர் அந்த அளவுகளை எடுத்து, அதே வருஷங்கள்ல உலகத்தோட மத்த பகுதிகள்ல நடந்த வறட்சிகளோட சேர்த்து வெச்சுப் பார்த்தார். 1789-93-ல் வந்தது மிகப் பெரிய எல் நினோன்னு 1998-ல் நேச்சர் இதழ்ல எழுதினார். எல் நினோங்கிற பேரே கேள்விப்படாத ஒரு டாக்டர் எழுதின எண்கள்!

சென்னைக்கு இன்னும் பழைய குறிப்பும் உண்டு. 1730-கள்ல ஜெர்மன் மிஷனரிகள் எழுதின வானிலைக் குறிப்புகள் ஜெர்மனி ஆவணக் காப்பகங்கள்ல பத்திரமா இருந்தது. அதை வெச்சு 1999-ல் ரோரி வால்ஷ், ரூடிகர் கிளாசர், ஸ்டெஃபான் மிலிட்சர் மூணு பேரும் 18ஆம் நூற்றாண்டுச் சென்னையோட காலநிலையைப் பத்தி ஒரு ஆய்வே எழுதினாங்க.

மேற்கு இந்தியாவுக்கு ஜார்ஜ் ஆடம்சனும் டேவிட் நாஷும் 2014-ல் இதே வேலையைச் செஞ்சாங்க. 1781-ல் இருந்து 1860 வரைக்கும் கடிதம், டைரி, பத்திரிகை எல்லாத்தையும் படிச்சு ஒவ்வொரு வருஷத்து மழையையும் தரம் பிரிச்சாங்க. மழைமானி வந்த பிறகான வருஷங்களுக்கும் காகிதத்தை வெச்சுத் தரம் போட்டு, மானியோட ஒப்பிட்டுச் சரிபார்த்தாங்க. புது லேப் மெஷின் வாங்கினா பழைய மெஷின்லயும் அதே ரத்தத்தை ஓட்டிப் பார்ப்போம் இல்லையா, அது போல.

தெற்கே நம்ம சீமைக்கு ஒரு டாக்டர் அறிக்கை இருக்கு. அதை எல்லா மெடிக்கல் காலேஜ்லயும் படிக்கச் சொல்லணும்ங்கிறது என் ஆசை.

1809, 1810, 1811. கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி நாலு பகுதியிலயும் கொத்துக் கொத்தா காய்ச்சல். சென்னை அரசாங்கம் டாக்டர் குழு ஒண்ணை அனுப்புச்சு. வில்லியம் ஐன்ஸ்லி, ஸ்மித், கிறிஸ்டி. ஐன்ஸ்லி யாருன்னா, நம்ம ஊர் மருந்துச் சரக்குகளைப் பத்திப் பெரிய புத்தகம் எழுதினவர். அப்போ தூத்துக்குடி திருநெல்வேலிச் சீமைக்குள்ளதான். அறிக்கை 1816-ல் லண்டன்ல அச்சாச்சு.

அவங்க முடிவு: வழக்கத்துக்கு மாறான பருவநிலை, கடும் மழை, தேங்கின தண்ணி, அதுல இருந்து கிளம்பின நச்சுக் காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம்.

நச்சுக் காற்று தப்பு. இன்னைக்குப் படிக்கும்போது விட்டு விட்டு வர்ற அந்தக் காய்ச்சல்ல பெரும்பகுதி மலேரியாவா இருக்கணும்னு எந்த டாக்டருக்கும் தோணும். கொசுதான் மலேரியாவைப் பரப்புதுன்னு ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்துல கண்டுபிடிச்சது 1897-ல். அதுக்கு 80 வருஷம் முன்னாடி எழுதினவங்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனா கவனிங்க. அவங்க போட்ட டயக்னோசிஸ்தான் தப்பு. எழுதின ஹிஸ்டரி தப்பு இல்லை! காய்ச்சல் எந்தப் பகுதியில, எந்தக் காலத்துல வந்தது, மழை எப்படி மாறிப் பெய்தது, தண்ணி எங்க தேங்கிச்சு, இதெல்லாம் கண்ணால பார்த்ததும் காதால கேட்டதும். சொல்லப் போனா நச்சுக் காற்றுக் கொள்கையாலதான் மழையைப் பத்தி அவ்வளவு அக்கறையா எழுதினாங்க. கொசு தெரிஞ்சிருந்தா கொசுவை மட்டும் எழுதியிருப்பாங்க, மழை விட்டுப்போயிருக்கும். தப்பான தியரியால நமக்கு ஒரு நல்ல வானிலைப் பதிவு கிடைச்சது. எனக்கு இந்த முரண் ரொம்பப் பிடிக்கும்.

காய்ச்சல் கணக்கை மழைக் கணக்கா வாசிக்கலாமா? ஓரளவுக்கு. 1911-ல் கிறிஸ்டோஃபர்ஸ்னு ஒரு ராணுவ டாக்டர் பஞ்சாப் மலேரியாவைப் பத்தி எழுதினப்போ மழையோட தானிய விலையையும் சேர்த்துக் காட்டினார். மழை கொசுவை வளர்க்குது. பசி ஆளைச் சாகடிக்குது. அதனால ஒரு வருஷம் காய்ச்சல் சாவு ஜாஸ்தின்னா மழை ஜாஸ்தியாவும் இருக்கலாம், முந்தின வருஷம் விளைச்சல் பொய்ச்சிருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இங்கேயும் ஒத்தைச் சாட்சி போதாது.

இன்னொரு ஆசை காட்டுற விஷயம். கிரீன்லாந்து, அண்டார்டிகா பனிக்கட்டிகள்ல 1809 வாக்குல ஒரு பெரிய எரிமலை வெடிப்போட கந்தகத் தடயம் இருக்கு. எந்த எரிமலைன்னு இன்னும் தெரியாது. வெடிப்பு 1809, நம்ம ஊர்ல பருவம் தப்பினது 1809-11. உடனே கோடு போட்டு இணைக்கத் தோணுதா? எனக்கும் தோணுது. ஆனா தடுப்பூசி போட்ட மறுநாள் மாடியில இருந்து விழுந்தா, விழுந்ததுக்கு ஊசி காரணம் ஆகாது. காலம் ஒத்துப்போறது விசாரணையைத் தொடங்க மட்டும்தான் போதும்.

ஆவணத்தை எழுதினவர் யாரு, எதுக்கு எழுதினார்ங்கிறதும் முக்கியம். கிஸ்தி தள்ளுபடி கேட்டு மனு எழுதினவர் மழையைக் குறைச்சுத்தான் சொல்வார். தள்ளுபடி கொடுக்க மனசில்லாத அதிகாரி "பரவாயில்லை, பெஞ்சிருக்கு"ம்பார். கப்பல்ல வந்து இறங்கி ரெண்டு வருஷம் ஆன துரைக்கு எல்லா வெள்ளமும் "முன் எப்போதும் கண்டிராத வெள்ளம்" தான்.

தாது வருஷப் பஞ்சத்துல இது அப்பட்டமா தெரியும். அதே பட்டினியைப் பார்த்து ரிச்சர்ட் டெம்பிள் ஒரு ராத்தல் தானியம் ஒருத்தருக்குப் போதும்னு கூலியைக் குறைச்சார். சென்னை மாகாண சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் போதாது, ஜனம் மெலிஞ்சு சாகுதுன்னு எண்களோட எதிர்த்து எழுதினார். 1877-ல் கூலியை உயர்த்த வேண்டி வந்தது. டெம்பிள் காகிதத்தை மட்டும் படிக்கிறவருக்கு ஒரு பஞ்சம் கிடைக்கும், கார்னிஷ் காகிதத்தைப் படிக்கிறவருக்கு வேற பஞ்சம். நான் கார்னிஷ் கட்சி. டாக்டர்ங்கிறதால மட்டும் இல்லை. அவர் ஆளை நிறுத்தி எடை பார்க்கச் சொன்னார்.

காற்றுக்குக் கப்பல் குறிப்பேடுகள். 1750-ல் இருந்து 1850-கள் வரைக்குமான டச்சு, ஆங்கிலேய, ஸ்பானிய, பிரெஞ்சுக் கப்பல் குறிப்பேடுகளைத் தொகுத்து ஐரோப்பாவுல ஒரு திட்டமே நடந்தது. அப்போ காற்றை அளக்கக் கருவி கிடையாது, வார்த்தைதான். "பாய் சுருட்டுற காற்று"ன்னு எழுதினா அது எவ்வளவு வேகம்னு ஒவ்வொரு மொழிக்கும் அகராதி போட்டு எண்ணா மாத்தினாங்க. நம்ம கரையில கச்சான், வாடை, கொண்டல், சோழகம்னு காற்றுக்குத் திசைவாரியா பேர் வெச்சிருக்கிற மக்கள் இருக்காங்க. அந்தச் சொல்லுக்கு எல்லாம் இப்படி ஒரு அகராதியை யாராவது போட்டா நல்லா இருக்கும்.

அப்புறம் நம்ம தூத்துக்குடி உப்பு. உப்பளம் மாதிரி மழைக்குப் பயப்படுற தொழில் கிடையாது. வருஷத் தொடக்கத்துல பாத்தி சீர் பண்ணி, வடகிழக்குப் பருவமழை தொடங்குற வரைக்கும் உப்பு வாருவாங்க. நடுவுல கோடை மழை ரெண்டு நாள் சேர்ந்தாப்புல பெஞ்சா பாத்தியில இருக்கிறது கரைஞ்சு மறுபடி முதல்ல இருந்து. அப்போ எந்த வருஷம் எவ்வளவு உப்பு, எந்த மாசம் வாரினது நின்னுச்சுங்கிறது ஒரு மழைக் கணக்கு. சென்னை மாகாணத்துல 1805-ல் இருந்து உப்பு கம்பெனியோட ஏகபோகம். ஏகபோகம்னா கணக்கு. முத்து மாதிரி முப்பது வருஷ இடைவெளி கிடையாது, வருஷா வருஷம் உண்டு. ஆனா அரசாங்கமே "இவ்வளவு போதும், நிறுத்து"ன்னு சொன்ன வருஷத்தை மழை வருஷம்னு நினைச்சுடக் கூடாது.

"இதெல்லாம் தெரிஞ்சு என்ன டாக்டர் ஆகப் போகுது"ன்னு கேட்கிறவங்களுக்கு.

குளத்துக் கலிங்கு எவ்வளவு அகலம் வேணும், பாலம் எவ்வளவு உயரம், ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைத் தரைத்தளத்துல வைக்கலாமா மாடியில வைக்கலாமா, எல்லாமே "எவ்வளவு பெரிய மழை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வரும்"ங்கிற ஒரு எண்ணை வெச்சுத்தான். 150 வருஷக் கணக்குல இருந்து அந்த எண்ணை எடுக்கிறதும், பழைய காகிதங்களையும் சேர்த்து 400 வருஷத்துல இருந்து எடுக்கிறதும் ஒண்ணு இல்லை. 2023 டிசம்பர்ல ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நூற்றுக்கணக்கான பேரோட ரயில் ஒண்ணு வெள்ளத்துக்கு நடுவுல நின்னுச்சே, அந்த எண் அவ்வளவு நேரடியானது.

இங்க ஒரு குறுக்குக் கேள்வி வரும், வந்துக்கிட்டும் இருக்கு. "பழைய காலத்துலயும் வெள்ளம் வந்திருக்குல்ல, அப்போ பருவநிலை மாற்றம்னு சொல்றதெல்லாம் சும்மாதானே?"

இல்லைங்க. சிகரெட் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியும் நுரையீரல் புற்றுநோய் இருந்தது. அதனால சிகரெட் நிரபராதி ஆயிடுமா? எப்பவாவது வந்துக்கிட்டிருந்தது எவ்வளவு அடிக்கடி வருது, எவ்வளவு வேகமா வருதுன்னு பார்க்கணும். அதைச் சொல்லணும்னா பழைய நிலை என்னன்னு தெரியணும். அதுக்குத்தான் பழைய காகிதம்.

தூத்துக்குடியில கடைசியா சலாபம் நடந்தது 1961-ல். அப்புறம் இல்லை. 1973-ல் தூத்துக்குடியிலயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்து அழகர்சாமி குழு சிப்பிக்குள்ள கரு வெச்சு வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினாங்க. கடலே சாட்சி சொல்ற அந்தப் பழைய கணக்கு 1961-ஓட நின்னுபோச்சு. இனி இருக்கிற காகிதம்தான்.

அதனால ஒரு வேண்டுகோள்.

உங்க வீட்டுப் பரண்ல தாத்தாவோட உப்பளக் கணக்கு நோட்டு இருக்கா? தோணிக் கம்பெனி புறப்பாட்டு நோட்டு? குளத்துக் கமிட்டிப் பதிவேடு? உங்க ஊர் சர்ச்சுல, பள்ளிவாசல்ல பழைய அடக்கப் பதிவேடு? செல்லரிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுங்க. தேதி இருக்கிற மூலை கட்டாயம் வரணும், கையால அழிச்சது, ஓரத்துல கிறுக்கினது எல்லாம் வரணும். "மழையால வேலை இல்லை"ன்னு ஓரத்துல எழுதியிருந்தா அதுதான் முக்கியம். எடுத்ததை மூணு இடத்துல சேமிச்சு வெச்சு, பக்கத்துக் காலேஜ் வரலாற்றுத் துறையில ஒரு பிரதி கொடுங்க.

வீட்டுல 80 வயசு தாண்டின பெரியவங்க இருந்தா, 1992 நவம்பர்ல தாமிரபரணி வெள்ளம் உங்க தெருவுல எந்த வீட்டுப் படி வரைக்கும் வந்துச்சுன்னு கேளுங்க. அதுக்கு முன்னாடி வந்ததையும் கேளுங்க. வருஷம் தெரியலைன்னா "யாரு கல்யாணத்துக்கு முன்னாடி, யாரு பிறந்ததுக்குப் பின்னாடி"ன்னு கேளுங்க, வந்துடும். அந்தப் படியைப் போட்டோ எடுத்து, டேப் வெச்சு ரோட்டுல இருந்து எத்தனை அடின்னு அளந்து, தேதியோட எழுதி வையுங்க.